பர்ஜீல் வைத்தால் பாரம்பரியம் ஆகிவிடுமா?

அமீரகத்தில் "பாரம்பரிய எமிராத்தி பாணியில் பசுமை வீடு" என்று யாராவது ஒரு வரைபடத்தை விரித்தால், அதில் என்னென்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மொட்டைமாடியில் ஒரு பர்ஜீல், அதாவது காற்றுக் கோபுரம். ஜன்னலுக்கு வெளியே பூவேலை செய்த ஜாலி. கூரையில் சோலார் பலகை. சுவருக்கு மணல் நிறப் பெயிண்ட். அவ்வளவுதான், பாரம்பரியமும் ரெடி, பசுமையும் ரெடி! உள்ளே போனால் எல்லா அறையிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கோபுரத்துக்கும் காற்றுக்கும் பல சமயம் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

விடுதிகள் இப்படிச் செய்தால் மன்னிக்கலாம். துபாயின் மதினத் ஜுமைராவில் வரிசையாகக் காற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன, அறைகளைக் குளிர்விப்பது ஏசிதான். சுற்றுலாப் பயணிக்குப் புகைப்படம் கிடைத்தால் போதும். ஆனால் ஒரு குடும்பம் 30, 40 வருஷம் வாழப்போகும் வீட்டிலும் அதே வேஷம் எதற்கு?

பர்ஜீல் உண்மையில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். நான்கு பக்கமும் திறந்த கோபுரம், உள்ளே குறுக்காக X வடிவத் தடுப்பு. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் ஒரு பக்கம் பிடித்துக் கீழே அறைக்குள் தள்ளும், எதிர்ப்பக்கம் வெப்பக் காற்றை வெளியேற்றும். துபாயின் அல் ஃபஹீதி பகுதியில், பழைய பெயர் பஸ்தகியா, இதை இன்றும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகத்தின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை.

இதில் இரண்டு விஷயங்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஒன்று, பர்ஜீல் பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம். சாதாரண ஜனங்கள் இருந்தது பேரீச்ச ஓலையில் கட்டிய 'அரீஷ்' வீட்டில். ஓலை இடுக்கு வழியாகக் காற்று தானாக வந்து போகும்.

இரண்டு, கோபுரம் தனியாக எதையும் சாதிக்கவில்லை. அதோடு சேர்ந்து வேலை செய்த ஒரு கூட்டமே இருந்தது. பவழக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர். நடுவில் 'ஹோஷ்' என்ற முற்றம், அதை ஒட்டி நிழல் தரும் 'லிவான்' என்ற தாழ்வாரம். பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவர். வீடுகளுக்கு நடுவே, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும் அளவுக்குக் குறுகலான 'சிக்கா' என்ற சந்து. கோபுரத்தை மட்டும் பிடுங்கி வந்து வில்லா தலையில் நடுவது, தேரை விட்டுவிட்டுக் கலசத்தை மட்டும் இழுப்பது மாதிரி.

வணிகர் மாளிகைக்கும் ஓலை வீட்டுக்கும் பொதுவாக இருந்தது மறைவான முற்றம். ஓலை வீட்டையும் ஓலை வேலி சூழ்ந்திருந்தது. விருந்தாளி வாசலை ஒட்டிய மஜ்லிஸோடு நின்றுவிடுவார். குடும்பமும் பெண்களும் உள்முற்றத்தில், வானத்தைப் பார்த்தபடி, வெளியார் கண் படாமல் இருப்பார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் முற்றத்தைச் சுற்றி இன்னொரு அறை எழும்பும். (மஜ்லிஸ் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. முற்றத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை!)

இப்போது வில்லாவுக்கு வாருங்கள். மனையின் நடுவில் தீவு மாதிரி நிற்கிறது. நான்கு சுவரிலும் வெயில். ஜன்னல்கள் எல்லாம் வெளியே பார்க்கின்றன, எதிரே பக்கத்து வீட்டு மாடி. கண்ணாடி போட்டாயிற்று, ஆனால் பெண்கள் இருக்கும் வீடு, திரையை இழுத்து மூடு. மூடினால் இருட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போடு. கண்ணாடி வழியாக வந்த சூடு, விளக்கின் சூடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசியைக் கூட்டு. பண்பாடும் போயிற்று, மின்சாரமும் போயிற்று.

இதற்குக் கட்டிடக் கலைஞரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிரதான வீடு எல்லைச் சுவரிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது நகராட்சி விதி. மனையின் ஓரமெல்லாம் அதற்கே போய்விட்டால் நடுவில் முற்றத்துக்கு ஏது இடம்? பாரம்பரியம் வேண்டும் என்று மேடையில் பேசிக்கொண்டு, பாரம்பரிய வீட்டின் முதல் இலக்கணத்தையே விதி போட்டுத் தடுக்கிறார்கள்.

அடுத்தது கட்டணம். அபுதாபியின் 2017 கட்டணப்படி வெளிநாட்டவர் வில்லாவுக்கு யூனிட் 26.8 ஃபில்ஸ், குடிமக்களுக்கு 6.7 ஃபில்ஸ். இரண்டுமே முதல் அடுக்கு விலை. நாலில் ஒரு பங்கு விலையில் மின்சாரம் வரும்போது, நிழலைப் பற்றி யார் கவலைப்படுவார்?

2010இல் அபுதாபி 'எஸ்திதாமா' முத்து மதிப்பீட்டைக் கொண்டுவந்து புதிதாகக் கட்டும் எல்லா வில்லாவுக்கும் குறைந்தது ஒரு முத்து கட்டாயம் என்றது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் வில்லாவுக்கான மதிப்பீடு வில்லாவைத்தான் அளக்கும். பக்கத்து வீடும் தெருவும் தரும் நிழலுக்கு அங்கே யார் மார்க் போடுவது?

"ஆகஸ்ட் மாசப் புழுக்கத்தில் முற்றத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்!" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பர்ஜீல் காற்றின் ஈரத்தை எடுக்காது. அந்தக் காலத்து மக்களே கோடையில் கடற்கரையை விட்டு லிவா, அல் ஐன் பேரீச்சந்தோப்புகளுக்குப் போய்விடுவார்கள். ஏசியைத் தூக்கி எறியச் சொன்னால் அது முட்டாள்தனம். ஆனால் நிழலில் நிற்கும் தடித்த சுவர் வீட்டுக்குச் சின்ன ஏசி போதும். நவம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. வருஷத்தில் ஐந்து மாசம் சும்மாவா?

செய்ய வேண்டியது பெரிய ரகசியமில்லை. முற்றம் வைக்கும் வீட்டுக்கு எல்லை இடைவெளியைத் தளர்த்துங்கள். புதுக் குடியிருப்புகளில் அண்ணன் தம்பி வீடுகள் சுவரைப் பங்கு போட அனுமதியுங்கள். மின் மானியத்தில் ஒரு பகுதியை யூனிட்டுக்குக் கொடுக்காமல், சுவருக்கும் நிழலுக்கும் கட்டும்போதே கொடுங்கள்.

1980களில் பஸ்தகியாவில் பாதியை இடித்துவிட்டார்கள். மிச்சமும் போக இருந்தது. அங்கே குடியிருந்த ரேனர் ஆட்டர் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் போராட, 1989இல் இளவரசர் சார்லஸ் வந்து பார்க்க, பிழைத்தது. இன்று அதே இடம் துபாயின் பெருமை. அந்தக் கட்டிடங்களைக் காப்பாற்றியாயிற்று, அந்த அறிவை இன்னும் காப்பாற்றவில்லை. கோபுரத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம். முற்றத்துக்கு இடம் விடத்தான் மனசு வேண்டும்.