வாழ்ந்தவர் கதையே வரலாறு

சென்ற பருவத்தில் ஒரு நாள் வரலாற்று வகுப்பு. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் யார் என்று ஆசிரியை கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "பென்னிகுவிக்" என்றோம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைகளுக்கு இது ஒரு கேள்வியா? "நல்லது. அவரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி எழுதுங்கள்" என்றார். பாதிக்கு மேற்பட்டோர் எழுதியது ஒன்றே: பணம் போதாமல் போனபோது அவர் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது. ஆசிரியை தாள்களைப் பார்த்துவிட்டு, "இதை எந்த நூலில் படித்தீர்கள்?" என்று கேட்டார். வகுப்பில் அமைதி. நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம், ஒருவரும் படித்திருக்கவில்லை!

அந்த அமைதிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வரலாறு என்றால் நம்மில் பலருக்குக் கசப்பு. ஆண்டுகளும் போர்களும் உடன்படிக்கைகளும் வரிசையாக நிற்கின்றன. தேர்வுக்கு முதல் நாள் அவற்றை மனப்பாடம் செய்கிறோம்; தேர்வு முடிந்த மறுநாள் மறந்து விடுகிறோம். குற்றம் வரலாற்றின் மேல் இல்லை. அந்த ஆண்டுகளில் வாழ்ந்த மனிதரை நாம் சந்திக்காததே குற்றம். வாழ்க்கை வரலாறு, தன் வரலாறு, நினைவுக் குறிப்பு, நாட்குறிப்பு ஆகியவற்றின் வழியாக நாம் அவர்களைச் சந்திக்கலாம் என்பதே எங்கள் கருத்து. "பாடத்தை விட்டுவிட்டுக் கதைப் புத்தகம் படிக்கிறாயே" என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு

பாட நூலில் ஒரு வரி உண்டு: உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். அந்த ஒரு வரியில் நமக்கு என்ன கிடைக்கிறது? அவர் எழுதிய "என் சரித்திர"த்தைத் திறந்து பாருங்கள். ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஒரு மாணவன் வருகிறான். அச்சு நூல் அரிது. ஏட்டைப் பார்த்து எழுதித்தான் படிக்க வேண்டும். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்ற பெரும்புலவரை அடைந்து, அவர் செல்லுமிடமெல்லாம் உடன் சென்று பாடம் கேட்கிறான். பள்ளிக்கூடம், மணி, வகுப்பறை எதுவுமின்றி ஒருவர் எவ்வாறு கல்வி கற்றார் என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அது தெளிவாகக் காட்டுகிறது.

அதைவிட நம்மை ஈர்த்த இடம் ஒன்று உண்டு. 1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், சேலம் இராமசாமி முதலியார் என்ற நீதிபதியைச் சந்திக்கிறார். தாம் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். சீவக சிந்தாமணி கைக்கு வந்தபோது அது எளிதில் விளங்கவில்லை. சமண சமயத்தாரின் வீடுகளுக்குச் சென்று ஐயம் தெளிகிறார். 1887இல் அந்நூல் அச்சேறுகிறது. ஒரு பேரறிஞர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்திருக்கிறாரே, அதுவன்றோ நமக்கு வேண்டிய பாடம்!

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

பெண்கள் உரிமை பெற்றார்கள் என்று படிக்கிறோம். யாரோ தட்டில் வைத்துத் தந்ததுபோல் அது தோன்றுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவர், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் அனுமதி தந்தார். மற்ற மாணவர் கண்ணில் படாதவாறு திரை கட்டி அவரை உட்கார வைத்தார்கள். திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்த அம்மாணவி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார்.

அவருடைய தாயார் தேவதாசி மரபில் பிறந்தவர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் ஏன் அவ்வளவு உறுதியாகப் போராடினார் என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும். அந்தச் சட்டம் 1947இல் நிறைவேறியது. திக்கற்ற பெண் குழந்தைகளுக்கு 1930இல் அவ்வை இல்லம் தோன்றியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. ஆண்டுகளை மட்டும் படித்தால் இவை தனித்தனிச் செய்திகள். வாழ்க்கையைப் படித்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததைக் காண்கிறோம். காரணமும் விளைவும் என்று வரலாற்று ஆசிரியை சொல்வது இதைத்தானே?

பக்கத்து ஊரில் ஒரு பாட்டுக் குழு

வரலாறு தொலைவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நம் தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் பண்ணைப்புரம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ்த் தொழிலாளர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அது பாடநூலில் ஒரு வரி. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூசுக்கு வாக்குக் கேட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். அவர் வெற்றி பெற்றார். பாவலரின் பாட்டுக் குழுவில் வளர்ந்த தம்பிதான் பிற்காலத்தில் இளையராஜா என்று உலகம் அறிந்தவர். பிள்ளைகள் சென்னை செல்வதற்காக அவர்கள் தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்றதை இளையராஜா பல மேடைகளில் கூறியிருக்கிறார். மாநிலப் பிரிவினை, தோட்டத் தொழிலாளர் இயக்கம், வறுமை, இசை இவை நான்கும் ஒரே வீட்டுக்குள் நிற்கின்றன. இதைவிட அருகில் வரலாறு நமக்கு எங்கே கிடைக்கும்?

போற்றுவது வேறு, அறிவது வேறு

இத்துணை நன்மை இருந்தாலும் வாழ்க்கை வரலாற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைத்தால் நாங்கள் நேர்மையாக எழுதியவர்கள் ஆக மாட்டோம். ஒருவரை நேசிக்கத் தொடங்கியதும் அவரைப் பற்றிய எல்லாவற்றையும் நம்பிவிடுகிறோம்.

மீண்டும் பென்னிகுவிக்கிடம் வருவோம். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. வெள்ளம் தடுப்பணைகளை அடித்துச் சென்றது. காட்டுக் காய்ச்சல் ஆட்களை வாட்டியது. அவர் தளரவில்லை. இவ்வளவும் உண்மை. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டதும், பொங்கலன்று நம் உழவர் அவர் படத்துக்கு மாலையிடுவதும் தகுதியான நன்றிக்கடன். ஆனால் அணைக்கான செலவைச் செய்தது சென்னை மாகாண அரசு. 1899இல் வெளிவந்த மெக்கன்சியின் பெரியாறு திட்ட வரலாறு என்ற நூல் அவ்வேலையை விரிவாகச் சொல்கிறது. சொத்தை விற்ற கதைக்கு ஆவணச் சான்று இல்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு எங்களில் சிலருக்கு வருத்தம், சிலருக்குக் கோபம்கூட. ஒரு வாரம் உணவு இடைவேளையில் இதுவே பேச்சு. முடிவில் நாங்கள் கண்டது இது: அந்தக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெருமை ஒரு விரல்கடை குறையாது. மாறாக, அந்தக் கதையின் நிழலில் வேறு சிலர் மறைந்து போனார்கள். அணைக்கருகே காட்டில் வேலையாட்களின் கல்லறைகள் இருக்கின்றன. கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் காய்ச்சலில் மாண்டவர்களும் யார்? அவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதியவர் இல்லை. ஒருவர் தனியே கட்டினார் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அவர்களை இன்னொரு முறை புதைக்கிறோம்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டையும் சொல்வோம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் 1897இல் தம் இருபத்து நான்காம் வயதில் இறந்தார். அவர் எழுதிய தன் வரலாறு அடுத்த ஆண்டே வெளிவந்தது. ஆனால் அவருடைய உடன்பிறந்த சகோதரியும் மடத்துத் தலைவியாக இருந்தவருமான அன்னை ஆக்னெஸ், அன்பு காரணமாகப் பல இடங்களில் திருத்தியே அதை வெளியிட்டார். தெரேசாள் எழுதியது எழுதியபடி வெளிவந்தது 1956இல்தான். திருத்தாத தெரேசாள் இன்னும் உயிர்ப்புள்ளவராகவே தெரிந்தார். புனிதர்களுக்கே மெருகு தேவைப்படவில்லை என்றால் மற்றவர்களுக்கு எதற்கு?

இன்னும் ஒரு படி மேலே செல்கிறோம். 1992இல் வெளிவந்த பாமாவின் "கருக்கு", துறவற மடத்தில் சேர்ந்து பின் வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன் வரலாற்று நூல். நம் திருச்சபைக்குள்ளும் நம் பள்ளிகள் போன்றவற்றிலும் சாதி நுழைந்திருந்ததை அது ஒளிக்காமல் சொல்கிறது. படிக்கும்போது மனம் நோகிறது. ஆயினும் அந்நூல் நம் போன்ற பள்ளிகளின் நூலகத்தில் இருக்க வேண்டும் என்பதே எங்கள் பணிவான, ஆனால் உறுதியான கருத்து. நம்மைப் புகழும் வாழ்க்கைகளை மட்டும் படித்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி ஆகாது, வெறும் படம்தான். தவற்றை அறிக்கையிடக் கற்றுத் தந்ததும் நம் திருச்சபைதானே? அருட்சகோதரியர் எங்கள் துணிவைப் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறோம்.

மலையேறிய பாட்டிகள்

எழுதப்படாத வாழ்க்கைகள் என்றோமே, அவை அணைக்கட்டில் மட்டும் இல்லை; நம் வீட்டுத் திண்ணையிலும் இருக்கின்றன. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மாரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். நம்மில் பலருக்கு அவர்கள் அம்மா, சித்தி, அத்தை. அவர்கள் எடுக்கும் ஏலக்காய் போடிக்கு வந்து எங்கெங்கோ செல்கிறது. அவர்கள் பெயர் எங்கும் செல்வதில்லை.

எங்கள் தோழி ஒருத்தி தன் பாட்டியிடம் குறிப்பேட்டுடன் அமர்ந்தாள். ஜீப் இல்லாத காலத்தில் சாக்குலூத்து மெட்டுப் பாதையில் நடந்தே ஏறியதைப் பாட்டி சொன்னார். வாரத்துக்கு வேண்டிய அரிசி தலையில். அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும். "எங்க கதையெல்லாம் ஒரு கதையா தாயி? எழுதி என்ன ஆகப் போகுது?" என்று சிரித்தாராம். சிரித்துவிட்டு இரவு பத்து மணி வரை பேசினாராம்.

2011 டிசம்பரில் அணைப் பிணக்கு முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி மலையிறங்கி வந்தார்கள். செய்தித்தாள்களில் இரண்டு மாநில அரசுகளின் வாதங்கள் நிறைய இருக்கின்றன. இருட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய தாய் என்ன நினைத்தாள்? அவளுக்குத் தண்ணீர் கொடுத்த மலையாளக் குடும்பம் இருந்ததா? அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். நாளை இருப்பார்கள் என்பதற்கு உறுதி உண்டா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களுடன் முடிக்கிறோம். பள்ளி நிர்வாகத்துக்கு: வாரத்தில் ஒரு நூலக வகுப்பை வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கென ஒதுக்கித் தாருங்கள், புகழும் நூலும் குறைகூறும் நூலும் ஒரே அடுக்கில் இருக்கட்டும். பெற்றோருக்கு: பிள்ளை உங்களைக் கேள்வி கேட்டால், "அதெல்லாம் உனக்கெதற்கு" என்று சொல்லாதீர்கள், நீங்கள் பட்ட பாட்டை அவள் அறியட்டும். தோழியருக்கு: ஒரு நூலைப் படித்து முடித்ததும் இதை எழுதியவர் யார், இதில் விடுபட்டவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். கோடை விடுமுறையில் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கி, வீட்டில் மூத்தவர் ஒருவரின் கதையை அவர் சொன்னபடியே, மெருகிடாமல் எழுதுங்கள்.

எங்கள் தோழியின் பாட்டி கேட்ட கேள்விக்கு எங்கள் விடை இதுதான்: உங்கள் கதை எழுதப்பட்டால் எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரு பொய் குறையும் பாட்டி, ஒரு மனிதர் கூடுவார்.

படிப்போம், கேட்போம், எழுதுவோம்!