13-வது மாத பென்ஷனுக்கு ‘யெஸ்’, 66 வயது ரிட்டயர்மென்ட்டுக்கு ‘நோ’... சுவிஸ் மக்கள் சொன்னது என்ன?

“பென்ஷன் கூடணும்... ஆனா பில்லை யார் கட்டுறது?” சுவிட்சர்லாந்தில் இப்போது இதுதான் கேள்வி.

என்ன நடந்தது?

2024 மார்ச் 3-ல் அங்கே இரண்டு வாக்கெடுப்புகள். ஆண்டுக்கு 13-வது மாத பென்ஷன் கேட்டன தொழிற்சங்கங்கள். அரசே ‘வேண்டாம்’ என்றும் 58% பேர் ஓகே சொன்னாங்க. ஓய்வு வயதை 66 ஆக்கும் யோசனையை 75% பேர் நிராகரித்தார்கள்.

ஏன் இந்த மாற்றம்?

பென்ஷனை 10% உயர்த்தும் திட்டத்தை 2016-ல் தோற்கடித்தவர்கள் இவர்கள்தான். இடையில் வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாம் எகிறிடுச்சு.

சீர்திருத்தமே பிடிக்காதா?

அப்படியும் இல்லை. பெண்களின் ஓய்வு வயதை 64-லிருந்து 65 ஆக்க 2022-ல் சம்மதித்தார்கள். ஆனால், 50.5% ஆதரவுடன், மயிரிழையில்!

யார் தலையில் விழும்?

புதிய பென்ஷன் 2026 டிசம்பரில் தொடக்கம். செலவு ஆண்டுக்கு 400 கோடி ஃபிராங்குக்கு மேல். சம்பளத்தில் பிடித்தால் சுமை வேலையில் இருப்பவர்களுக்கு. மதிப்புக் கூட்டு வரியை ஏற்றினால், பென்ஷன் வாங்கும் தாத்தா பாட்டியும் கடையில் தங்கள் பங்கைக் கட்டணும். ‘யெஸ்’ சொல்வது ஈசி. இந்தப் பங்கு பிரிப்புதான் கஷ்டம்.