கூண்டுக் கிளிக்குப் பருப்புச் சோறு போதுமா?

சேரன்மகாதேவி பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் பட்டுப்போன தென்னையை வெட்டியபோது, பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்து வளர்த்து வருகிறார்கள். பருப்புச் சோறு, பாலில் ஊறவைத்த பிஸ்கட், சூரியகாந்தி விதை, இவைதான் அதற்குச் சாப்பாடு. ஒரு மாதமாக இறகு வெளிறி, மூக்கில் நீர் வடிகிறது. பேச்சும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் அழுகிறார்கள், சத்தாக என்ன கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

முதலில் பறவையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூக்கில் நீர் வடிவது சத்துக் குறைவாலும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவும். காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும். ஆகவே கூண்டைக் கூட்டும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வாயோடு வாய் வைத்து ஊட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும்.

இனி தீனி. தாமிரபரணிக் கரையில் ஒரு கிளி நாள் முழுக்க என்ன தின்கிறது என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரிலும் பிசானத்திலும் நெல் பால் பிடிக்கும்போது கதிரில் உட்காரும். வேலியில் கோவைப்பழம், தோட்டத்தில் கொய்யா, ஆற்றங்கரையில் அத்தியும் நாவலும் ஆலம்பழமும். பூவையும் மொட்டையும்கூடக் கடித்துத் தேன் குடிக்கும். தின்பதைவிடக் கொறித்துப் போடுவதுதான் அதிகம் என்று திட்டுகிறோம். ஆனால் இப்படிப் பத்து விதமாகத் தின்பதால்தான் அதன் உடம்பு நிற்கிறது.

சோற்றில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. இதையே தின்னும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு படியும். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் மூக்கு, வாய், தொண்டையின் உள்தோல் கெட்டுப்போய் நீர் வடியும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், இறகு பொலிவிழக்கும். வாசகி எழுதிய அறிகுறிகளோடு இது ஒத்துப்போகிறது. பாலைச் செரிக்கும் சக்தி பறவைகளுக்குக் கிடையாது. பிஸ்கட்டில் சர்க்கரையும் உப்பும்தான்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யக்கூடாது. பழகாத தீனியைக் கிளி தொடாமல் பட்டினி கிடக்கும். காலையில் பசியோடு இருக்கும்போது முருங்கைக்கீரை ஒரு கொத்தைக் கூண்டுக் கம்பியில் கட்டிவிடலாம். துருவிய கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி கொஞ்சம் கொஞ்சமாக வைக்கலாம். பழுத்த சிவப்பு மிளகாயும் நல்லது. பறவைகளுக்குக் காரம் உறைக்காது. முளைகட்டிய பச்சைப்பயறு, கம்பு, தினை கொடுக்கலாம். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு முளைப்பயறும் பழமும் இரண்டு மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையைக் கட்டித் தொங்கவிட்டால் அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைப் பெறும். சூரியகாந்தி விதை இனி விருந்துக்குத்தான், நாளுக்கு நாலைந்து போதும்.

விவசாய வீட்டில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. விதைநேர்த்தி செய்த நெல்லோ மக்காச்சோளமோ மிஞ்சினால் கிளிக்குப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது நஞ்சு. மருந்தடித்த தோட்டத்துக் கீரையும் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்லாடாக்சின் இருக்கும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட பண்டம் எதுவும் ஆகாது.

இவ்வளவும் மருத்துவம் முடிந்து கிளி கைமாறும் வரைக்கும்தான். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. குஞ்சைக் காப்பாற்றத்தான் எடுத்தோம் என்றாலும் சட்டம் ஒன்றுதான். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஆள் தேடி வரும்வரை காத்திருக்காமல் வனச்சரக அலுவலகத்தில் தாமாகச் சொல்லி ஒப்படைப்பதே நல்லது. மனசு கேட்காமல் கூண்டைத் திறந்து பறக்கவிடுவது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் கைத்தீனிக்குப் பழகிய, இறகு பலமில்லாத கிளி காக்கைக்கும் பூனைக்கும் இரையாகிவிடும்.

அடுத்த முறை மரம் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். தை முதல் சித்திரை வரை தென்னை, பனை, மருத மரப் பொந்துகளில் குஞ்சு இருக்கும். அவசரமில்லையென்றால் இரண்டு மாதம் தள்ளி வெட்டலாம். குஞ்சு விழுந்துவிட்டால், பொந்து மிஞ்சியிருக்கும்பட்சத்தில் திரும்ப வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது சரியல்ல. வைக்க வழியில்லையென்றால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் கதகதப்பாக வைத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

பிள்ளைகளுக்குப் பறவை வேண்டுமென்றால், நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற ஆஸ்திரேலியச் சிறுகிளியை வளர்க்கத் தடையில்லை. தனியாக வைக்காமல் ஜோடியாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தேக்கரண்டி தினையும் சாமையும், பக்கத்தில் முருங்கைக்கீரையும் கேரட்டும். கிண்ணத்தில் உமி மேலே மிதக்கும்போது தானியம் நிறைய இருப்பதுபோலத் தெரியும், அதனால் தினமும் உமியை ஊதிப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.