வாயாற் பேசும் கிதார்

மேனாட்டு இசையரங்கில் மின்கிதார் வாசிப்போன் ஒருவன் மைக்கின் முன் நின்று, மெல்லிய குழாயொன்றை வாயிற் கவ்வியவாறு தந்தியை மீட்டுகின்றான். உடனே கிதாரின் நாதம் மக்கட் சொல்லாய் வெளிப்படுகின்றது, கேட்டோர் வியக்கின்றனர். இவ்விந்தையைச் செய்யும் கருவிக்கு டாக் பாக்ஸ் என்பது பெயர். பேசும் பெட்டி என்று நாம் வழங்கலாம். இசையார்வமுடைய நம் மாணவருட் சிலர் இதனை வாங்கவும் அமைக்கவும் முயல்கின்றனர். முயற்சி நன்றே. ஆயின் அவருட் பெரும்பாலார் இதனைக் காலடியிற் கிடக்கும் பெடல்களுள் ஒன்றெனக் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையென்பதும், அப்பிழையினின்றே பொருட்கேடும் இசைக்கேடும் விளைகின்றன என்பதும் என் துணிபு.

பெடலாவது கிதாரினின்று வரும் மெல்லிய மின்குறியை வாங்கி, அதனைத் திரித்தோ நீட்டியோ ஆம்ப்ளிபையருக்கு அனுப்புவது. பேசும் பெட்டியோ ஆம்ப்ளிபையருக்குப் பின்னே நிற்பது. ஸ்பீக்கருக்குச் செல்லவேண்டிய வலிய மின்னோட்டத்தைத் தான் ஏற்று, டிரைவர் என்னும் உறுப்பால் ஒலியாக்கி, அவ்வொலியைக் குழாய்வழியே வாசிப்போன் வாய்க்குட் செலுத்துகின்றது. அங்கே அது சொல்லுருப் பெற்று வெளிப்படுங்கால் மைக் அதனை ஏற்று அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு அளிக்கின்றது. எனவே, வாயும் இவ்வமைப்பின் ஓருறுப்பேயாம். கடைகளில் விலைக்குக் கிடையாத உறுப்பும் அஃதொன்றே.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. உந்தியினின்று எழுங் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாய்ப் பிறக்குமெனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தார். ஒலியின் மூலம் ஒன்று. அதனை எழுத்தாக்குந் தொழில் மற்றொன்று. பேசும் பெட்டி மாற்றுவது மூலத்தை மட்டுமே. மிடற்றொலிக்கு ஈடாகக் கிதாரொலியை வாய்க்குள் வைக்கின்றது. எஞ்சிய தொழில் முழுவதும் நாவிற்கும் இதழுக்கும் உரியது. வாய் அங்காப்ப அகரமும், நாவிளிம்பு பல்லைப் பொருந்த இகரமும், இதழ் குவிய உகரமும் பிறக்கும் முறை இங்கும் அதுவே. வாயறையின் வடிவம் மாறுந்தோறும் ஒலியிலுள்ள சில அதிர்வுகள் ஓங்கச் சில ஒடுங்குகின்றன. உயிரெழுத்துக்களின் வேறுபாடு இதனால் உண்டாவது என்பர் இக்கால ஒலிநூலார். வாசிப்போன் தன் மிடற்றை அடக்கிச் சொல்லை வாயசைவால் மட்டுமே ஆக்கல் வேண்டும். தன் குரலையுங் கலப்பானாயின் கிதாரும் பேசாது, அவன் பாட்டும் விளங்காது.

இக்கருவியின் வரலாறும் இதற்குச் சான்று. அமெரிக்க நாட்டில் 1939-ஆம் ஆண்டு ஆல்வினோ ரே என்பார் தம் ஸ்டீல் கிதாரைப் பேசச் செய்தார். மேடைக்குப் பின்னே மறைவில் நின்று, தொண்டையிற் பொருத்திய கருவியொன்றினால் அதற்குச் சொல்வடிவு தந்தவர் அவர்தம் மனைவியார் லூயிஸ் கிங். புகழ் கணவரைச் சேர்ந்தது, வாய் அவ்வம்மையாருடையது! பின்னர் 1964-இல் பீட் டிரேக் என்பார் குழாயைத் தம் வாயிலேயே வைத்துப் ‘பார்எவர்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அவர் கருவியின் ஒலி ஒலிப்பதிவறைக்குப் போதியதாயினும் பேரரங்கிற்குப் போதாததாயிற்று. 1973-இல் ஜோ வால்ஷ் என்னும் கிதார் வாணருக்காகப் பாப் ஹைல் என்பார் வலிய டிரைவரைக்கொண்டு மேடைக்கேற்ற பெட்டியை அமைத்தார். 1976-இல் பீட்டர் பிராம்ப்டன் வெளியிட்ட ‘பிராம்ப்டன் கம்ஸ் அலைவ்’ என்னும் இசைத்தட்டால் அதன் ஓசை உலகறிந்ததாயிற்று.

இனி இணைப்பைக் கூறுவேன். பெட்டியொன்றும் ஆம்ப்ளிபையரொன்றும் மட்டுமே உடையார் ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் வாயிலைப் பெட்டியிலும், பெட்டியின் மறுவாயிலை ஸ்பீக்கர்ப் பெட்டியிலும் இணைப்பர். காலால் மிதித்தால் மின்னோட்டம் டிரைவருக்கும், மீண்டும் மிதித்தால் ஸ்பீக்கருக்கும் செல்லும். என் நண்பர் ஒருவர் இவ்வாறு அமைத்து, ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியை மாட்ட மறந்தார். குழாய்வழியே வாசித்து மகிழ்ந்தபின் பெட்டியை மிதித்தார். ஒலி எழாமை கண்டு, அளவைக் கூட்டிக்கூட்டி மீட்டினார். அவருடையது வால்வு ஆம்ப்ளிபையர். வால்வு ஆம்ப்ளிபையர், தன் ஆற்றலை ஏற்கும் ஸ்பீக்கரேனும் டிரைவரேனும் இன்றி இயங்கலாகாது. இயங்கின் அதன் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோதலும் உண்டு. அன்று எரிந்தே போயிற்று. ஈராண்டு சேர்த்த பணத்தால் அவர் வாங்கிய பொருள் அது.

ஆதலின் பேசும் பெட்டிக்கெனச் சிறியதோர் ஆம்ப்ளிபையரைத் தனியே வைத்தல் வேண்டும் என்பேன். கிதாரின் குறியை இரண்டிலொன்றிற்கு மாற்றும் சிறு சுவிட்சுப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொள்க. பெரிய ஆம்ப்ளிபையர் தன் ஸ்பீக்கரோடும், சிறியது டிரைவரோடும் என்றும் பிரியாதிருக்கும். இதனாற் பிறிதொரு நன்மையும் உண்டு. குழாய்க்கு ஏற்ற ஒலி வேறு, அரங்கிற்கு ஏற்ற ஒலி வேறு. குழாய்க்குத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து நடுவொலிகளை உயர்த்துதல் வேண்டும். தாழ்ந்த ஒலிகள் டிரைவரை வருத்துமேயன்றிச் சொல்லுக்கு உதவா. தூய ஒலியினும் சற்றுக் கரகரத்த ஒலியே நன்கு பேசும். மேலதிர்வுகள் அதில் மிகுதி. செதுக்குதற்கு மரம் பருத்திருத்தல் வேண்டுமன்றோ? ஒரே ஆம்ப்ளிபையர் உடையார் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒலியொன்றைக் கொண்டு இரண்டையும் கெடுக்கின்றனர்.

செலவு மிகுமே என்பார் உளர். 10 அல்லது 20 வாட் ஆற்றலுடைய பழைய ஆம்ப்ளிபையர் இதற்குப் போதும். அது வெளி ஸ்பீக்கர் இணைக்கும் வாயிலுடையதாயிருத்தல் வேண்டும். அதன் ஓம் அளவும் டிரைவரின் ஓம் அளவும் ஒத்திருத்தலை முன்னரே பார்த்துக்கொள்க. கிதார்க் கம்பியை இங்கே மாட்டலாகாது. ஸ்பீக்கருக்குரிய கம்பியே வேண்டும். சிறு ஆம்ப்ளிபையரைத் தன்னகத்தே கொண்ட பெட்டிகளும் இன்று விற்கின்றனர். அவற்றைப் பெடல்போல இணைக்கலாமாயினும், தனி ஆம்ப்ளிபையரின் தேவையை அவற்றைச் செய்தோரும் உணர்ந்தனர் என்பதே அதன் பொருள்.

குழாயை மைக் தாங்கியோடு கட்டி, அதன் முனை மைக்கைக் கடந்து சிறிதே நீண்டிருக்குமாறு செய்க. முனையை வாயின் ஒருபுறத்தே கடைவாய்ப்பல்லின் அருகே வைத்தால் நாவிற்கு இடமுண்டாகும். ஒலியளவைச் சுழியத்திலிருந்து மெல்ல உயர்த்துக. பல் அதிர்ந்தால் அளவு மிஞ்சிற்றென அறிக. அவ்வொலி தலைக்குள்ளேயே நிகழ்வதால் செவிக்கும் ஊறு உண்டு. முதற்பத்து நாளும் பாட்டெதனையும் முயலாது, ஒரே சுரத்தை நிறுத்தி உயிரெழுத்துக்களை மட்டும் பழகுவது நலம்.

இவ்வளவும் எதற்கு, குழாயில்லாமலே கிதாரைப் பேசச்செய்யும் கருவிகள் உளவே என்பாரை மறுக்கமாட்டேன். அவை எளியன, வாய்க்கும் தூயன. எனினும் நாவின் சிறு பிறழ்ச்சியும் ஒலியில் விழுவதாலாகிய உயிர்ப்பை அவற்றில் யான் கேட்டிலேன்.

நம் இசைக்கழகத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பழைய சிறு ஆம்ப்ளிபையரொன்றை இதற்கென ஒதுக்கி, டிரைவரோடு நிலையாகப் பிணைத்து, ‘கழற்றற்க’ என்று அதன்மேல் எழுதி வைப்பாராக. பெட்டி எல்லார்க்கும் பொதுவாயிருக்கலாம். குழாயை மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டினின்று கொணர்க.