கைதானவன் எல்லாம் குற்றவாளியா?

"எப்பொழுதாவது கைது செய்யப்பட்டீரா?" நேர்முகப் பரீட்சையில் இவ்வினா எழுந்ததும் நம் இளைஞன் நாவடங்கிப் போகின்றான். உண்மை சொன்னால் உத்தியோகம் இல்லை. பொய் சொன்னால் என்றோ ஒருநாள் அதுவே அவனை வீழ்த்தும். இரு வாசல்களையும் அடைத்துவிட்டு, "இளைஞர் உழைக்க மறுக்கின்றனர்" என்று மேடையில் முழங்குவோரை நாம் சில கேள்விகள் கேட்க விரும்புகின்றோம்.

அண்மையில் ஒரு கமக்காரரின் மகன் நம்மிடம் வந்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 11 மாதத் தடுப்புக்காவல். பின்னர் வழக்கேதும் இன்றி விடுதலை. கணக்கியல் கற்றவன். ஓரிடத்தில் நடந்ததை மறையாது கூறினான், "அறிவிப்போம்" என்றனர், அறிவிக்கவில்லை. மற்றோரிடத்தில் மறைத்தான், மூன்றாம் மாதம் எவரோ காதில் ஓத, "ஏமாற்றுக்காரன்" என்று வெளியேற்றினர். ஈரிடத்து முதலாளிகளும் தமிழரே என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றோம்.

சட்டம் என்ன சொல்கின்றது? குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென்றே கொள்ளப்படல் வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அமைச்சரின் கட்டளையால் ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதமாக்கியது. தடுப்புக் கட்டளை அமைச்சரின் ஐயம், நீதிபதியின் தீர்ப்பன்று. 2009இன் பின் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 பேரில் மிகப் பெரும்பாலோர் எந்த நீதிமன்றின் முன்னும் நிறுத்தப்பட்டவரல்லர். நீதிமன்று விதிக்காத தண்டனையை விதிக்க முதலாளிக்கு அதிகாரம் தந்தவர் யார்?

1961இல் சத்தியாக்கிரகம் நசுக்கப்பட்டபோது தமிழ்த் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் அடைக்கப்பட்டனர். அத்தடுப்புக்காவலை நாம் மாசென்று எண்ணினோமா? பெருமையென்றல்லவோ போற்றினோம்! தலைவனுக்குப் பெருமையானது கமக்காரன் மகனுக்கு மட்டும் களங்கமாவது எந்த நீதி?

"அவனை வைத்திருந்தால் புலனாய்வுக்காரர் நம் வாசலுக்கு வருவாரே" என்பர் சிலர். அவ்வச்சம் பொய்யென்று நாம் கூறோம். ஆயின் ஒருவர் ஒருவராக அஞ்சும்வரை அது வளரும். பட்டினத்து வைத்தியரும் பொறியியலாளரும், நெல் ஆலைக்காரரும் சங்கத் தலைவரும் ஆளுக்கொருவரை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டால், எத்தனை வாசலுக்கு அவர் வருவார்?

இளைஞர்க்கும் ஒரு சொல். பொய் உரையாதீர். அரசாங்க விண்ணப்பப் பத்திரத்தில் பொய் விபரம் தந்தவர் நியமனத்தின் பின்னரும் நீக்கப்படலாம். ஆனால் கேட்டதற்கு மட்டும் விடை கூறுக. "நீதிமன்றால் குற்றவாளியாகக் காணப்பட்டீரா?" என்ற வினாவிற்கு, அவ்வாறு காணப்படாதவர் "இல்லை" என்பது முழு உண்மை. கைதைப் பற்றியே கேட்டால், கைதான நாள், விடுதலையான நாள், வழக்கு இன்மை ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கூறுக. விடுதலைப் பத்திரத்தின் பிரதி கையில் இருக்கட்டும். தலை குனிய வேண்டாம்.

உண்மையாகவே குற்றம் புரிந்து தண்டனை அனுபவித்தவரையும் நாம் கைவிடோம். இரண்டரை ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை பெற்றவர் குறித்த காலம் நேர்மையாக வாழ்ந்தால், சில தொழில்கள் நீங்கலாக, அப்பழங்கதையை முதலாளிக்குச் சொல்லவேண்டியதில்லை என்று பிரித்தானியப் பாராளுமன்றம் 1974இலேயே சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் குரல் எழுப்பட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத கடமை ஒன்று நம் கையில் உண்டு. தமிழ் முதலாளிமாரே, உங்கள் விண்ணப்பப் பத்திரத்தில் "கைது" என்ற சொல்லை இன்றே வெட்டிவிடுங்கள்! வெள்ளம் ஒரு போகத்தை அழித்ததென்று வயலை விற்றுவிடும் கமக்காரன் நம்மிடை இல்லை. ஒரு மகனின் ஓராண்டை அரசு பறித்ததென்று அவன் ஆயுளையே நாம் பறிப்பதா?