24ஆம் இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி

காது கேளாத குழந்தையைச் சோதனைக்குக் கொண்டுபோனால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். சொந்தத்தில் கல்யாணமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? 1965இல் மத்திய அரசு மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமானாலும் சரி, உள்ளூர் மருத்துவமனையானாலும் சரி. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான பெற்றோரின் பதில்: "எங்க பரம்பரையிலேயே இல்லீங்க."

பரம்பரையில் இல்லை என்பதாலேயே பரம்பரைக் காரணம் இல்லை என்றாகிவிடாது. பழுதான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருப்பவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும்போது, இருவரிடமும் அதே பழுது இருக்கும் சாத்தியம் கூடுகிறது.

இதில் முக்கியமான மரபணு, கனெக்சின் 26 என்ற புரதத்தை உண்டாக்குவது. செவிட்டுத்தன்மைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1997இல் தெரியவந்தது. மரபணு ஒன்றுதான், பிழை ஊருக்கு ஊர் வேறு. ஐரோப்பியரிடம் பெரும்பாலும் 35ஆம் எழுத்து விடுபடுகிறது. சீனர், ஜப்பானியரிடம் 235ஆம் எழுத்து. இந்தியரிடம் அதிகம் காணப்படுவது வேறொன்று: 226 கண்ணிகள் கொண்ட புரதச் சங்கிலியில் 24ஆம் கண்ணி வரவேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போன ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் இதே முற்றுப்புள்ளி இருக்கிறது.

ஆகவே, ஐரோப்பியப் பிழையை மட்டும் தேடும் சோதனை நம் குழந்தைக்கு உதவாது. கனெக்சினோடு விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. வேறு பல மரபணுக்களும் உண்டு.

காரணம் தெரிந்து என்ன பயன்? பயன் உண்டு. கனெக்சின் கோளாறில் செவி நரம்பு பொதுவாகக் கெடுவதில்லை. அதனால் காக்ளியர் கருவி பொருத்தினால் நல்ல பலன் கிடைக்கிறது, சீக்கிரம் பொருத்தினால். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்கும் வருடங்கள், மொழி கற்கும் வருடங்கள்.

இன்னொரு பயனும் உண்டு. கிரகணத்தன்று வெளியே போனாள் என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் வழக்கம். இந்த வகைக் குறையில் அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி. இருவருக்கும் தெரியாமலே, சரிபாதி.