துவாயின் ஆயுள் அதன் கரையில்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்திற்குத் துடைக்கும் துணியும் ஒரு செலவுதான். கடைகளில் பல நிறங்களில் தொங்கும் மைக்ரோபைபர் துவாய்களை முற்றாக ஒதுக்கும்படி நாம் கூறவில்லை. ஆனால் எமது அடுப்படிக்கும், எமது பெண்களின் தையல் குழுக்களுக்கும் ஏற்றது பருத்தியே என்பது எமது உறுதியான கருத்து.

மைக்ரோபைபர் பெரும்பாலும் பொலியெஸ்டரும் நைலோனும் 80க்கு 20 என்ற அளவில் சேர்ந்தது. அதன் தனி இழை 9000 மீற்றர் நீளமிருந்தாலும் நிறை 1 கிராமுக்கும் குறைவு. இந்த நுண்மையால் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் நன்கு பற்றிக்கொள்ளும். கண்ணாடி, மேசை, சைக்கிள் துடைக்க நல்லது. ஆயினும் அது பிளாஸ்டிக்கே. அவித்துத் தோய்த்தால் பழுதாகும். நெருப்புப் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். தோய்க்கும்போது உதிரும் நுண்ணிழைகள் எளிதில் மக்குவதில்லை. கிணற்றடி நீர் வாழைக்கும் கத்தரிக்கும் பாயும் வளவில் இது சிறிய விடயமா?

பருத்தி நூலோ நனைந்தால் பலம் கூடும். கறி மணமும் அழுக்கும் போக அவிக்கலாம், வெயிலில் உலர்த்தலாம். துணி எதுவென்ற ஐயம் எழுந்தால் ஒரு நூலை எடுத்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்துடன் மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும்.

நல்ல துணியும் கரை பிரிந்தால் கந்தலே. மைக்ரோபைபரின் ஓரத்தைச் சூட்டினால் உருக்கி அடைக்கலாம். பருத்திக்கு அது இயலாது. மடித்தே தைக்க வேண்டும். ஓவர்லொக் தையல் விரைவானது. ஆனால் அது வெட்டிய ஓரத்தைச் சுற்றி நிற்கும் நூல் மட்டுமே. அந்த நூல் அறுந்தால் ஓரம் பிரியத் தொடங்கும். இரு முறை மடித்த கரையிலோ வெட்டிய ஓரம் உள்ளே மறைந்துவிடுகிறது. இதற்குச் சாதாரண கால் மெசினே போதும். தைக்குமுன் துணியை ஒருமுறை தோய்த்து உலர்த்துங்கள். இல்லையேல் பின்னர் துணி சுருங்க, சுருங்காத பொலியெஸ்டர் நூல் கரையைச் சுருக்கிவிடும். மூலைகளில் முன்னும் பின்னுமாகத் தைத்து முடியுங்கள்.

இதற்கு நேரமும் நூலும் கூடுதலாகச் செல்லும் என்பது உண்மையே. வியாபாரி விலையைக் குறைக்கக் கேட்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இந்த மடிப்புத்தான். அங்கே எமது குழுக்கள் விட்டுக்கொடுக்கலாகாது. ஒரு மாதத்தில் பிரியும் துவாயை வாங்கியவர் மறுமுறை எம்மிடம் வரமாட்டார். கரையின் கூலியையும் சேர்த்தே விலை சொல்வோம். அந்த விலைக்கு ஏற்ற துவாயையே கொடுப்போம்.